ஐயா பார்க்க

சுவரில் மாட்டிய உருவப்படத்தின் கண்கள் நாம் போகும் இடமெல்லாம் நம் பின்னாலேயே வருகின்றன என்று படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒன்றுபோல நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மனித குலம் செய்துவரும் பிழைகளில் இதுதான் பெரியது என்று சொல்ல முடியாவிட்டாலும், திருத்தாமல் விட்டுவிடும் அளவுக்குச் சின்னதும் அல்ல. கண்கள் எங்கேயும் வருவதில்லை. கருவிழியை வெண்விழியின் நட்டநடுவில் வைத்துத் தீட்டிய எந்த முகமும் தனக்கு நேர் எதிரே மட்டும்தான் பார்க்கிறது. படம் தட்டையானது என்பதால் அந்த நேர் எதிர் எங்கே போய் நின்றாலும் நேர் எதிராகவே இருக்கிறது, ஆகவே மூலையில் நிற்கிறவனும் வாசலில் நிற்கிறவளும் தன்னைத்தான் பார்க்கிறார் என்று ஒரே சமயத்தில் எண்ணிக்கொள்கிறார்கள். இதில் படம் செய்வது ஒன்றுமே இல்லை. இந்த உண்மைக்கு உலகத்தில் இருந்த ஒரே விலக்கு கல்லாங்காட்டுப்புதூர் பால் கூட்டுறவுச் சங்கத்தில் மாட்டியிருந்த வேலப்ப ஐயாவின் படம், அதுவும் பல வருஷம் விதிக்குக் கட்டுப்பட்டு ஒழுங்காக இருந்துவிட்டு, சித்திரை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலைப் பால் முடிவதற்குள்தான் விலகியது.

கல்லாங்காட்டுப்புதூரில் ஆறு கிடையாது, வாய்க்கால் கிடையாது, மழையும் அதற்கு மனசு வந்தால்தான் உண்டு. காலையும் மாலையும் தவறாமல் ஓடுவது பால் ஒன்றுதான், அந்தப் பால் போய்ச் சேரும் இடம் ஊர் நடுவில் தகரக்கூரை போட்ட சங்கத்துக் கட்டடம். சங்கத்தை ஏற்படுத்திய வேலப்ப ஐயா உயிரோடிருந்த காலத்தில் கேன்களுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், பால் ஊற்ற வருகிறவரின் போசிப் பாத்திரத்துக்குள் பார்க்க மாட்டார், முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வையில் என்ன இருந்ததோ தெரியாது, தண்ணீர் சேர்த்துக் கொண்டுவந்தவர்கள் தங்கள் முறை வருவதற்குள் எதையோ மறந்துவிட்டதுபோலப் போசியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அவர் காலமாவதற்கு முந்தின வருஷம் வெளியூர் ஓவியர் ஒருவரை வரவழைத்து, அதே நாற்காலியில் ஐயாவை உட்காரவைத்து, எண்ணெய் வண்ணத்தில் மார்பளவு படம் ஒன்று தீட்டி வாங்கினார்கள்; அவர் போன பிறகு நாற்காலியை எடுத்துவிட்டு, அது கிடந்த இடத்துக்கு மேலே சுவரில் படத்தை மாட்டினார்கள். அன்றிலிருந்து பால் ஊற்ற வருகிறவர் யாரானாலும் போசியை நெஞ்சுயரத்துக்குத் தூக்கி, படத்தை நிமிர்ந்து பார்த்து, ‘ஐயா பார்க்க’ என்று சொல்லிவிட்டுத்தான் ஊற்றுவார்கள். பாலில் தண்ணீரைக் கண்டுபிடிக்கும் பால்மானி ஒன்றும் சங்கத்தில் இருக்கத்தான் இருந்தது. அது கீழே விழுந்து உடைந்தபோது இன்னொன்று வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, வாங்கச் சொல்லி வந்த அதிகாரியும் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வந்த வேலையைச் சொல்லாமலே போய்விட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பூங்கோதை தன் முறை வந்ததும் போசியைத் தூக்கினாள், சொன்னாள், ஊற்றினாள், போசியின் வாயை முந்தானையால் துடைத்துக்கொண்டே ஒதுங்கினாள். அவளுக்கு அடுத்து நின்ற சரசாள் போசியைத் தூக்கிப் பிடித்தவள் பிடித்தபடியே நின்றாள், ஏனென்றால் ஐயா அவளைப் பார்க்கவில்லை. அவருடைய கருவிழி இரண்டும் ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தன, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி யாரையோ கவனிக்கிற மனிதரைப் போல இருந்தார். பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள், அவர்களையும் ஐயா பார்க்கவில்லை. அவர் பார்க்கிற திக்கைப் பிடித்துக்கொண்டு எல்லோருடைய கண்ணும் போனது, போய்ப் பூங்கோதையின் மேல் நின்றது. அவள் வாசல்படி இறங்கிச் சைக்கிள் பக்கம் நடந்தாள், கருவிழிகளும் நடந்தன. யாரும் அலறவில்லை. ஐயாவுக்கு இந்த வயசில் கண்ணில் ஏதாவது கோளாறு வந்திருக்கும் என்று ஒருவர் சொன்னார், பால் நேரமாகிறது என்று இன்னொருவர் சொன்னார், சரசாள் ஒதுங்கிய கண்களைப் பார்த்து ‘ஐயா பார்க்க’ என்று சொல்லி ஊற்றினாள்.

ஊரில் கடைசியாக விஷயம் தெரிந்தது பூங்கோதைக்குத்தான். அதில் அவள் தப்பு எதுவும் இல்லை. அவள் நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் ஐயா எப்போதும்போல நேராக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், இருபது வருஷமாக அவள் பார்த்துவரும் அதே படம், அதே பார்வை, இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது. ஆனால் ஒன்றும் தெரியாததுபோல அவள் வந்துபோனது ஊருக்கு வேறு மாதிரிப் பட்டது. இவ்வளவு நடந்தும் முகத்தில் ஒரு மாற்றம் இல்லையே, மனசுக்குள் எவ்வளவு இருக்க வேண்டும் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

முதலில் ஊர் இதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டது. பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், பூங்கோதையைக் கூப்பிட்டு அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் நடக்கச் சொன்னார்கள், செல்போனில் படம் பிடித்துப் போனார்கள். அந்தப் படங்களில் மட்டும் ஐயா பழையபடி எல்லோரையும் பார்த்தார், அதனால் வெளியூரில் யாரும் நம்பவில்லை, நம்பாத இன்னும் நாலு பேர் நேரில் வந்தார்கள். பிறகு பெருமை பழசாகிவிட்டது. பழசான பிறகுதான் ஊருக்கு அந்தக் கேள்வி வந்தது, கேள்வியோடு பதிலும் சேர்ந்தே வந்தது: ஐயா உயிரோடிருந்தபோது யாரையாவது உற்றுப் பார்த்தார் என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது.

பூங்கோதைக்கு இருந்தவை இரண்டு மாடுகளும் தண்ணீர் இல்லாத கொஞ்சம் மானாவாரிக் காடும். புருஷன் போர்வெல் வண்டியில் வடக்கே எங்கோ பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தான், தீபாவளிக்கு வந்து பொங்கலுக்குள் போய்விடுவான். அந்த ஊரில் சங்கத்தில் ஊற்றாத பாலுக்கு ஊற்ற வேறு இடமே கிடையாது. சங்கத்துக் கணக்கிலிருந்து பேர் அடிபட்டால் தீவனம் கிடைக்காது, மாட்டு டாக்டர் வாசல்படி ஏற மாட்டார், எல்லாவற்றுக்கும் மேலாக, பேர் அடிபட்டவள் பாலில் தண்ணீர் கலந்தவள் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்துவிடும். இதற்கு முன் ஒரே ஒருவருக்கு அப்படி அடிபட்டது, அவர் மாட்டையும் விற்றுவிட்டு ஊரையும் விட்டுவிட்டார், எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை.

அவள் தன் பாலில் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்த்ததில்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தும் அவளால் நிம்மதியாக இருக்க முடியவில்லை, ஏனென்றால் இவ்வளவு உறுதியாக ஒருவர் பார்க்கிறார் என்றால் பார்ப்பதற்கு ஏதோ இருக்கத்தானே வேண்டும். சாணி வழிக்கும்போதும் தீவனம் பிசையும்போதும் அவள் தன் வாழ்க்கையை மூட்டையைப் பிரிப்பதுபோலப் பிரித்துத் தேடினாள். மாமியார் படுக்கையில் கிடந்தபோது இந்தச் சனியன் சீக்கிரம் தீர்ந்தால் தேவலை என்று நினைத்தது கிடைத்தது. புருஷன் போன் பண்ணியபோது சீரியல் முடியட்டும் என்று எடுக்காமல் விட்டது கிடைத்தது. அடுத்த வீட்டுக்காரியின் நகையைப் பார்த்துக் கவரிங்காக இருக்கட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டதும் கிடைத்தது. ஒவ்வொன்றாகக் கிடைக்கக் கிடைக்க, மறுநாள் காலையில் அதை மனசில் ஏந்திக்கொண்டு போய் ஐயாவின் முன்னால் நின்றாள், இதுதானா, இதற்காகத்தானா என்று. ஐயா எப்போதும்போல நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆமாம் என்பதும் இல்லை, இல்லை என்பதும் இல்லை.

அவள் தூணுக்குப் பின்னால் நின்றால் ஐயா தூணைப் பார்த்தார். அவள் தாமதமாக வந்தால் ஐயா தெருப்பக்கம் பார்த்தார். ஐயா பார்க்கும் இடத்தை எல்லோரும் பார்த்தார்கள், ஆகவே அவள் சங்கத்துக்குள் கால் வைத்த கணத்திலிருந்து இறங்கிப் போகும்வரை அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள்.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது, அதை யாரும் தீர்மானித்துச் செய்யவில்லை. ஒருத்தி போசி கழுவின தண்ணீரைக் கொட்டாமல் அதன் மேலேயே பாலைக் கறந்துவிட்டாள், மறதியாகத்தான். அன்று காலை சங்கத்தில் பயந்துகொண்டே போசியைத் தூக்கி ‘ஐயா பார்க்க’ என்றாள், ஐயா பூங்கோதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் அவளுக்கு மறதி வரவில்லை, ஆனாலும் தண்ணீர் வந்தது. ஒரு வாரத்துக்குள் அந்தத் தண்ணீர் வீடு வீடாகப் பரவியது, தங்களுக்குள் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை, ‘ஐயா பார்க்க’ என்பதை மட்டும் முன்னைவிடச் சத்தமாகச் சொன்னார்கள். கேன்களில் பால் நீலம் பாரித்தது. மாவட்டப் பால் ஒன்றியத்து லாரி எடுத்துப்போன கேன்கள் மதியத்துக்குள் அப்படியே திரும்பி வந்தன, வண்டிக்காரன் இறக்கிவைத்துவிட்டு, இதை வைத்து மீன் வளர்க்கச் சொன்னாங்க என்று தலைவரிடம் சொல்லிவிட்டுப் போனான்.

சங்கத் தலைவர் குப்புராஜ் நியாயமான மனிதர், குறைந்தபட்சம் நியாயத்தை விரும்புகிறவர். திரும்பிவந்த கேன்களையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஐயாவின் பார்வை முழுவதையும் ஒருத்தியே இழுத்துவைத்துக்கொண்டதால்தான் மற்றவர்கள் கெட்டுப்போனார்கள் என்று அவர் முடிவு செய்தார். இதில் தவறு கண்டுபிடிக்க அங்கே யாராலும் முடியவில்லை. அன்று சாயங்காலம் வரிசையில் பூங்கோதை கீழே வைத்திருந்த போசியை ஒரு கால் தட்டிவிட்டது. பால் சிமெண்டுத் தரையில் பரவி, எல்லோருடைய பாதத்தையும் சுற்றிக்கொண்டு சாக்கடைக்குப் போனது. யார் என்று பூங்கோதை கேட்டாள். எல்லோரும் அனிச்சையாக ஐயாவை நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் பூங்கோதையைப் பார்த்துக்கொண்டிருந்தார், யார் தட்டியது என்று அவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அவளைச் சங்கத்திலிருந்து எடுத்துவிடுவதற்கு முன்னால் விஷயம் தெரிந்தவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று குப்புராஜுக்குத் தோன்றியது, பின்னால் யாரும் குறை சொல்லக்கூடாது பாருங்கள். விஷயம் தெரிந்தவர்கள் ஊரில் இரண்டு பேர் இருந்தார்கள்: மேல்நிலைப் பள்ளியில் ஓவிய வாத்தியாராக இருந்த அருணகிரி, டவுன் கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்த மெய்கண்டன். மெய்கண்டன் அருணகிரியின் தங்கையைக் கட்டியவர். இருவரும் கல்யாணத்துக்கு முன்னால் சிநேகிதர்களாக இருந்தார்கள்.

அருணகிரி ஸ்டூல் போட்டு ஏறி, பூதக்கண்ணாடியைப் படத்தின் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். மேலே புது வண்ணம் இல்லை, தூரிகை பட்ட அடையாளம் இல்லை, பழைய எண்ணெய் வண்ணம் காய்ந்து விரிசல் விட்டிருக்கிறது, விரிசல் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பூங்கோதையைக் கூடத்தில் நடக்கச் சொன்னார். அவள் நடந்தாள், விரிசல்கள் அசையாமல் இருக்க அவற்றுக்கு அடியில் கருவிழி, கிணற்றில் பாசிக்கு அடியில் மீன் போவதுபோல, மெதுவாக நகர்ந்து போனது. அவர் ஸ்டூலிலிருந்து இறங்கி, நேராகப் பார்க்கும் முகம் எல்லோரையும் பார்க்கும், ஒதுங்கிப் பார்க்கும் முகம் நாம் தலைகீழாக நின்றாலும் யாரையும் பார்க்காது, இது ஓவியத்தின் சட்டம், இந்தப் படம் சட்டத்தை மீறுகிறது, ஆகவே இது இனிமேல் ஓவியம் அல்ல என்று அறிவித்தார். கருவிழியை நடுவில் வைத்துத் தான் திருத்தித் தர முடியும் என்றும் சொன்னார்.

மெய்கண்டன் அதற்குத்தான் காத்திருந்தார். “எல்லாரையும் பார்க்கறது பார்வையே இல்ல மச்சான், அது தெருவிளக்கு. இத்தனை வருஷம் அந்தாளு ஒருத்தரையும் பார்க்கலை. இப்பத்தான் பார்க்க ஆரம்பிச்சிருக்காரு, நீ போயி கண்ணைக் குத்தறேங்கறே.”

“படத்துக்கு ஏது மாப்ள பார்வை? நீ பாடம் எடுத்து எடுத்துப் பசங்க தூங்கிட்டாங்கன்னு சுவத்துக்கு எடுக்கறயா?”

பார்ப்பதும் பார்க்கப்படுவதும் ஒரே கயிற்றின் இரண்டு முனை என்றார் மெய்கண்டன். பார்க்கப்படுகிறோம் என்று ஒருவர் உணர்ந்துவிட்டால் மறுமுனையில் யாரோ பிடித்திருக்கத்தான் வேண்டும், அது துணியா வண்ணமா என்பது இரண்டாம்பட்சம். அப்படியானால் சோளக்கொல்லைப் பொம்மைக்கும் காக்காயைப் பார்க்கும் பார்வை இருக்கிறதா என்று அருணகிரி கேட்டார். இருக்கிறது, காக்காயைப் போய்க் கேள் என்றார் மெய்கண்டன். பொழுது சாயும்வரை இருவரும் இப்படிப் பேசினார்கள், கடைசியில் குப்புராஜ் குறுக்கே வந்து, அதெல்லாம் இருக்கட்டும், இந்தப் பார்வை குற்றவாளியைப் பார்க்கிற பார்வையா, வேண்டியவளைப் பார்க்கிற பார்வையா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றார். இரண்டு பார்வைக்கும் கருவிழி ஒரே இடத்தில்தான் வைக்கப்படும் என்று ஓவிய வாத்தியார் சொன்னார். இரண்டு பார்வையும் ஒன்றுதான் என்று தத்துவக்காரர் சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான், அது யாருக்கும் உபயோகப்படவில்லை. தூண் ஓரத்தில் நின்றுகொண்டிருந்த பூங்கோதையிடம் இருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பால் முடிந்ததும் பொதுக்குழு கூடியது. கூடத்தில் உட்கார்ந்தவர்கள் போக வாசல்வரை ஆட்கள் நின்றார்கள், வேடிக்கை பார்க்க ஓவிய வாத்தியாரும் தத்துவக்காரரும் வந்திருந்தார்கள், தகரக்கூரை சூடேறி அடிக்கடி சடசடத்தது. பூங்கோதையைப் படத்துக்கு நேர் முன்னால் நிறுத்தினார்கள், அவள் எங்கே நின்றாலும் படத்துக்கு நேர் முன்னால்தான் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

குப்புராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார். “இங்க பாரு அம்மிணி, உன்னைத் திருடின்னு ஆரும் சொல்லலை. ஐயாவுக்கு உன்னைத் தவிர வேற சோலி இல்லாமப் போச்சு. நீ வராம இருந்தீன்னா அவரு மத்தவங்களைப் பார்ப்பாரு, பால் சரியாயிரும். அவ்வளவுதான்.”

“நான் வராம இருந்தா என்ற மாட்டுப் பாலை என்னங்க பண்ணட்டும்?”

முதலில் சத்தியம் பண்ணட்டும் என்று பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது, ஆமாம், பண்ணட்டும் என்று பல குரல்கள் சேர்ந்துகொண்டன. பூங்கோதை கொண்டுவந்திருந்த காலிப் போசியை நெஞ்சுயரத்துக்குத் தூக்கினாள், நிமிர்ந்தாள், என் கை அறிய ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்த்ததில்லை, ஐயா பார்க்க என்றாள். எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். கண்கள் மூடவில்லை, விலகவில்லை, கலங்கவில்லை, ஒரு நூல் இடம்கூட மாறவில்லை. பொய்யாக இருந்தால் விலகியிருக்கும் என்றார்கள் சிலர், உண்மையாக இருந்தால் விட்டிருக்கும் என்றார்கள் பலர், பலர் சொன்னது சத்தமாக இருந்தது.

பூங்கோதை போசியை இறக்கவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், யாரிடமோ வழி கேட்கிறவளைப் போல மெதுவாகத்தான் பேசினாள்.

“தலைவருங்க, ஐயா எப்பவும் என்னை இப்பிடித்தான் பார்த்துட்டு இருக்காரு. நான் மொதமொதல்ல பால் கொண்டாந்த அன்னைக்கும் இப்பிடித்தான். எனக்கு ஒண்ணும் மாறலீங்க. உங்களைத்தான் பார்க்காம உட்டுட்டாரு. அதை ஏன்னு என்கிட்டக் கேட்டா நான் எப்பிடீங்க சொல்லுவேன்?”

மெய்கண்டன் பக்கத்தில் இருந்த அருணகிரியின் கையைப் பிடித்து அழுத்தினார். “மச்சான், இதைத்தான் நான் அன்னைக்குச் சொன்னேன்.”

“நீ எங்க சொன்னே. கம்முனு இரு மாப்ள.”

கூட்டம் உட்கார்ந்த இடத்திலேயே நெளிந்தது. குப்புராஜ் சிரிக்கப் பார்த்தார், பேச்சை மாற்றாதே என்றார், அவர் குரலில் முதல் தடவையாக அவசரம் இருந்தது. பூங்கோதை பேச்சை மாற்றவில்லை. “அண்ணா, நீங்க இப்பிடி வந்து நில்லுங்க. நான் உங்களுக்குப் பின்னால நின்னுக்கறேன். அப்ப அவரு பார்க்கறது உங்க மேலயும் படும். நீங்களும் ஒரு தடவை போசியைத் தூக்கிச் சொல்லீருங்க. அப்புறம் என்ற பேரை அடிச்சுக்கங்க.”

தலைவராக இருப்பவர் கூடம் நிறைந்த ஆட்களுக்கு முன்னால் வர முடியாது என்று சொல்ல முடியாது. அவர் எழுந்து வந்து நின்றார். பூங்கோதை போசியை அவர் கையில் கொடுத்துவிட்டு அவருடைய முதுகுக்குப் பின்னால் போனாள், ஐயாவின் கருவிழிகள் அவளோடு வந்து அவர் முகத்தில் நின்றன. குப்புராஜ் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய சட்டைக் கழுத்து நனைவதைப் பின்னால் நின்ற பூங்கோதை பார்த்தாள். போசி வயிறுவரை வந்தது, நெஞ்சுக்கு வரவில்லை, ‘ஐயா’ என்பது வந்தது, ‘பார்க்க’ வரவில்லை. அவர் அங்கே என்ன கண்டார் என்று பிற்பாடும் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கேன் மூடி சரியாக மூடவில்லைபோல இருக்கிறது, ஈ விழுந்துவிடும் என்று சொல்லிவிட்டு, போசியைத் தரையில் வைத்து, கேன்கள் பக்கம் போய் மூடியை அழுத்தி அழுத்தி மூடினார், அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

பூங்கோதை திரும்பினாள். வேறு யாராவது வாங்க என்று அவள் கூப்பிடக்கூட இல்லை, கீழே இருந்த போசியை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி ஓர் அடி வைத்தாள், அவ்வளவுதான். அவளுக்கும் படத்துக்கும் நடுவில் வந்துவிடுவோம் என்று கண்டவர்கள் எழுந்தார்கள், எழுந்தவர்கள் விலகினார்கள், விலகியவர்கள் அடுத்தவர் மேல் விழுந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு கம்பியை யாரோ கூடத்தின் குறுக்கே இழுத்துக்கொண்டு போவதுபோல அவள் நடக்க நடக்கக் கூட்டம் இரண்டாகப் பிளந்து சுவரோடு ஒட்டியது. சரசாள் தன் மருமகளைத் தள்ளிவிட்டு ஒதுங்கினாள், ஓவிய வாத்தியார் பால் ஊற்றாதவர், அவருக்கு ஒதுங்க ஒரு காரணமும் இல்லை, அவரும் ஒதுங்கினார், மெய்கண்டன் மட்டும் பார்வைக்குள் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டு ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாக்கில் மச்சானின் பின்னால் போய் நின்றார். அவள் வாசலைத் தாண்டுவதற்குள் ஒரு நாற்காலி விழுந்தது.

அவள் போன பிறகு அவள் பேரை அடிக்கும் தீர்மானத்தைக் கை தூக்கி நிறைவேற்றினார்கள். எல்லோரும் தூக்கினார்கள், ஒருமனதாக என்று எழுதப்பட்டது.

மாடுகளிடம் தீர்மானத்தைச் சொல்ல முடியாது. மறுநாள் காலையும் அவை மடி நிறையப் பால் வைத்துக்கொண்டு கத்தின, பூங்கோதை கறந்தாள், கறந்ததை உறை ஊற்றினாள், தயிரைக் கடைந்தாள், மோரைத் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் கொடுத்தாள், இரண்டு நாளில் கூப்பிட்டால் வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். மூன்றாம் நாள் மிச்சத்தை எருக்குழியில் ஊற்றினாள், ஊற்றும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். இரண்டு மாட்டில் எதை முதலில் விற்பது என்று யோசித்தாள், புருஷனுக்குப் போன் பண்ணினாள், பாறை துளைக்கிற சத்தத்தில் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டான்.

சங்கத்தில் ஐயா மற்றவர்களைப் பார்க்கத் தொடங்கவில்லை. அவர் தென்மேற்கே, வாசலை ஒட்டின ஜன்னல் பக்கம் பார்த்தார். அந்தத் திக்கில் நாலு தெரு தள்ளிப் பூங்கோதையின் வீடு இருந்தது. அவள் மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிப்போகும் நேரத்தில் கருவிழிகள் கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே போயின, பொழுது சாயத் திரும்பி வந்தன. கருவிழியை நடுவில் வைக்க வந்த அருணகிரி தூரிகையில் வண்ணம் தொட்டு ஸ்டூலில் ஏறி நின்றார், கையை நீட்டினார், கையை மடக்கினார், வெளிச்சம் போதவில்லை என்று இறங்கிவிட்டார். அப்போது உச்சி வெயில்.

பேருந்து நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்த ஈஸ்வரன் அதுவரை சங்கத்தில்தான் பால் வாங்கிக்கொண்டிருந்தான். டீ நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே வந்தது, வாடிக்கைக்காரர்கள் கிளாஸைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்து, இதில் டீ எங்கே இருக்கிறது, பால் எங்கே இருக்கிறது, காட்டு பார்க்கலாம் என்று வம்பு வளர்த்தார்கள். ஒருநாள் அவன் சங்கத்துக்குள் போனான், படத்துக்கு முன்னால் நின்று ஐயா பார்க்கிற திக்கைக் கையால் அளந்துகொண்டான், அதே திக்கில் தெருத்தெருவாக நடந்து பூங்கோதையின் தொழுவத்துக்கு வந்து நின்றான். அவள் கறந்துகொண்டிருந்தாள்.

“அக்கா, அவரு கண்ணை இன்னும் இங்கிருந்து எடுக்கலை,” என்றான். “அப்பப் பால் இங்கதான் இருக்குது. நாளையிலிருந்து எனக்கு ஊத்தீருங்க.”

பூங்கோதை அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. கறந்து முடித்து, போசியை நெஞ்சுயரத்துக்குத் தூக்கினாள், வடகிழக்கே திரும்பி, பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னாள், பிறகு அவன் தூக்குவாளியில் ஊற்றினாள்.

அதற்குப் பிறகு மாடு இல்லாத வீட்டுக்காரர்கள் வந்தார்கள், டெய்லர் வந்தார், பள்ளிக்கூடத்து டீச்சர்கள் வந்தார்கள், தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்கள் சிலர் பேத்திக்குப் பால் வேண்டும் என்று வீட்டுப் பெண்களைப் பின்வாசல் வழியாக அனுப்பினார்கள். மாடு விற்கிற யோசனை அத்தோடு நின்றது, கார்த்திகைக்குள் மூன்றாவதாக ஒரு கிடாரி வந்து கட்டுத்தறியில் நின்றது. சங்கத்துக்கு ஒன்றியம் புதிதாக ஒரு பால்மானி அனுப்பியது. சங்கத்தில் பால் ஊற்ற நிற்கிறவர்களின் வரிசை முன்பு வாசலிலிருந்து நேராகக் கேனுக்குப் போகும். இப்போது அது வாசலைத் தாண்டியதும் ஐயா பார்க்கும் ஜன்னலை விட்டு விலகி, கிழக்குச் சுவரோடு ஒட்டி வளைந்து, கேன்களுக்குப் பின்பக்கமாக வந்து நிற்கிறது.